மலையகத்தில் தாதியா, குடும்பநல உத்தியோகத்தரா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் உயர்தரம் முடித்த தங்கை ஒருவர், தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பதா, வீடு வீடாகச் சென்று தாய்-சேய் நலம் பார்க்கும் மருத்துவமாதான குடும்பநல உத்தியோகத்தருக்கான பயிற்சிக்கா என்று கேட்டிருக்கிறார்.

தாதியர் டிப்ளோமாவுக்கு 3 ஆண்டுகள், மற்றையதற்கு 18 மாதங்கள். ஆனால் காலத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். தாதியின் வேலை வாட்டுக்குள், இரவும் பகலுமாகச் சுழற்சி முறையில் நடப்பது. பின்னர் சத்திரசிகிச்சைக் கூடம், தீவிர சிகிச்சைப் பிரிவு என்று செல்லவும், வெளிநாடு போகவும் வழியுண்டு.

குடும்பநல உத்தியோகத்தருக்கோ ஒரு பிரதேசமே பொறுப்பு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ், மழையிலும் மேட்டிலுள்ள லயன் வீடுகளுக்கு ஏறிச் சென்று, கொழுந்து பறித்துத் திரும்பிய கர்ப்பிணியின் கீழிமையை இழுத்து இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்ப்பதும், குழந்தையின் எடையை நிறுத்து வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளியிடுவதும், குடும்பத் திட்டமிடல் பற்றி மாமியாரின் காதில் விழாமல் பேசுவதும் அவருடைய அன்றாடம். அந்தப் பேச்சைத் தமிழில் பேசக்கூடியவர்கள் நம் தோட்டங்களுக்குப் போதாமல் இருப்பதால், நடக்கவும் மனிதரோடு பழகவும் விருப்பமிருந்தால் இதையே நான் முதலில் சொல்வேன்.

எதை எடுத்தாலும் சிங்களம் படித்துக்கொள்ளுங்கள். உயர்தரப் பாடப்பிரிவுத் தகுதி மாறக்கூடியது. வர்த்தமானி அறிவித்தலை முழுமையாக வாசித்த பிறகே விண்ணப்பத்தை நிரப்புங்கள்.