கேள்வி – பதில்: அகப்பெல்லா

கேள்வி: வாத்தியம் இல்லாமல் பாடுவதை ‘அகப்பெல்லா’ என்கிறார்களே, அந்தப் பெயர் எப்படி வந்தது?

பதில்: இத்தாலிய மொழியில் ‘சிற்றாலய முறைப்படி’ என்று பொருள். ‘கப்பெல்லா’ என்பது லத்தீன் ‘கப்பா’விலிருந்து வந்த சொல், கப்பா என்றால் மேலங்கி, கப்பெல்லா என்றால் சிறு மேலங்கி. படைவீரராக இருந்தபோது புனித மார்ட்டின் தன் அங்கியைப் பாதியாக வெட்டிப் பிச்சைக்காரருக்குக் கொடுத்தார் என்பது மரபு. அந்த அங்கியை, இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட ஃபிராங்க் அரசர்கள் போற்றிக் காத்தார்கள். அது இருந்த ஆலயத்துக்கே அதன் பெயர் ஒட்டிக்கொண்டது.

ரோமின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் பாப்பரசரின் பாடகர்கள், ஆலயங்களில் வாசிக்கும் பெரிய குழாய் வாத்தியமான ஆர்கன்கூட இல்லாமல் பாடினார்கள். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் மற்ற ஆலயங்கள் பலவற்றில் ஆர்கனும் ஊதுகருவிகளும் பாடகர்கள் பாடிய மெட்டையே கூடவே வாசித்தன. ‘வாத்தியமே கூடாது’ என்ற கறாரான பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது. பழைய இசைத்தாளில் இச்சொல்லைக் கண்டதும் வாத்தியங்களை நீக்கிவிடாதீர்கள்.