கையெழுத்துக்காகக் காத்திருக்கும் வயது: நீலகிரி இளைஞர்களின் கேள்விகளுக்குப் பதில்

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரசு நிர்வாகம் நன்றாக இருப்பதற்கும் இளைஞர்களுக்கு வேலை கிடைப்பதற்கும் என்ன தொடர்பு என்று நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் கேட்டிருந்தார்கள்.

கோத்தகிரியிலிருந்து: ஐயா, பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாததால்தானே வேலை இல்லை? நிர்வாகம் என்ன செய்யும்?

விலை ஒரு காரணம்தான். ஆனால் தோட்டத்தை நம்ப முடியாமல் ஒரு பையன் சொந்தமாகக் காளான் வளர்க்கவோ பட்டறை போடவோ இறங்கினால் பட்டா, மின் இணைப்பு, கடன் மூன்றும் வேண்டும். மூன்றுக்கும் யாராவது ஓர் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். யாருடைய பிள்ளை என்று பார்க்காமல், சொன்ன நாளில் அந்தக் கையெழுத்து விழுந்தால் அதுதான் நல்ல நிர்வாகம்.

கூடலூரிலிருந்து: எங்கள் இடம் செக்‌ஷன் 17 நிலம். கரண்ட் கிடைக்கவில்லை. என்ன செய்வது அண்ணா?

தம்பி, வெளியூர்க்காரர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஜன்மம் எனும் பழைய பரம்பரை நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் வரும் நிலங்கள் இவை. உரிமை முடிவாகாததால் பட்டா இல்லை, அதனால்தான் கரண்டுக்கும் சிக்கல். வழக்கும் மேல்முறையீடுமாக இழுத்து, சட்டம் வந்த வருடம் பிறந்தவர்களே இன்று தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். உங்கள் பக்கம் ஒரு வீட்டில் வெல்டிங் மிஷினைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்ததைப் பார்த்தேன். அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கியது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை. ஐ.டி.ஐ. முடித்த அந்தப் பையன் இப்போது கோவையில் அதே வெல்டிங்கைக் கூலிக்குச் செய்கிறான். அவனிடம் திறமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? இது தனி ஆள் மனுவால் தீராது. ஊராகச் சேர்ந்து கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலோடு ஆட்சியரிடம் போங்கள்.

பந்தலூரிலிருந்து: நான் பணியர் சமூகம். சாதிச் சான்றிதழ் தாமதமாகி விண்ணப்பத் தேதி போய்விட்டது.

படிக்கும்போதே நெஞ்சு கனக்கிறதம்மா. பழங்குடியினருக்குத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். போலிகளைத் தடுக்க விசாரணை வேண்டும் என்பது சரி. ஆனால் கோப்பு தூங்கும் நாட்களுக்கு யார் பொறுப்பு? ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கோப்பு யாரிடம் நிற்கிறது என்று 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். தங்கச்சி, தம்பி இருந்தால் அவர்களுக்குப் பத்தாம் வகுப்பிலேயே வாங்கிவிடுங்கள்.

குந்தாவிலிருந்து: நாலு வருடமாகக் குரூப் 4க்குப் படிக்கிறேன். தப்பா?

படிப்பது தப்பே இல்லை. ஆனால் காத்திருப்பைக் கணக்குப் பாருங்கள். 2022 ஜூலை 24இல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு 2023 மார்ச்சில்தான் முடிவு வந்தது. 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய தேர்வு. எட்டு மாதம் வேறு வேலைக்கும் மனசு போகாமல் எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்! 2024 ஜூன் 9 தேர்வுக்கு அக்டோபரிலேயே முடிவு வந்துவிட்டது. முடியாத காரியம் இல்லை என்று தெரிகிறதல்லவா? நீங்களும் ஒரு வயது வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையின் அப்ரண்டிஸ் அறிவிப்புகளையும் விடாமல் பாருங்கள்.

குன்னூரிலிருந்து: பணம் கொடுத்தால் அரசு வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

கொடுக்காதீர்கள். 2019 குரூப் 4 முறைகேட்டில் 99 பேருக்கு ஆயுள் முழுக்கத் தேர்வெழுதத் தடை விழுந்தது.

ஊட்டியிலிருந்து: வேலையில்லாதவர்களுக்கான அரசு உதவித்தொகை எனக்குக் கிடைக்குமா?

பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று ஆண்டுக்கு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். உங்கள் அட்டையில் உள்ள தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.