ஃபெட்யூயினில் தடுக்கிறது, முனானாவில் தடுக்கவில்லை

கேள்வி: இன்ஃப்ளுயன்சா வைரஸின் நியூராமினிடேஸுக்கு (சியாலிக் அமிலத்தை வெட்டும் நொதி) எதிரான மோனோகுளோனல் ஆன்டிபாடி ஒன்றைச் சோதிக்கிறோம். ஃபெட்யூயின் பூசிய தட்டில் நொதியின் வேலை ஏறக்குறைய முழுதாக நின்றுவிடுகிறது. முனானாவில் (நொதி வெட்டினால் ஒளிரும் வேதிப்பொருள்) ஒளிர்வு கொஞ்சமும் குறையவில்லை. எந்தச் சோதனை தவறு?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். ஃபெட்யூயின் சுமார் 48 கிலோடால்டன் புரதம். தட்டில் ஒட்டி அசையாமல் கிடப்பது. முனானா மிகச் சிறிய மூலக்கூறு. ஆன்டிபாடி செயல் மையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒட்டினால், அதன் 150 கிலோடால்டன் உடம்பு ஃபெட்யூயினை மறித்துவிடும். முனானா மட்டும் இடுக்கில் புகுந்துவிடும். நொதியின் வெட்டும் திறன் குறையவில்லை, வழிதான் அடைபட்டிருக்கிறது. 2019-இல் வெளியான 1ஜி01 என்ற ஆன்டிபாடி வேறு வகை: தன் நீண்ட வளையத்தைச் செயல் மையத்துக்குள்ளேயே நுழைப்பதால் சிறு மூலக்கூறையும் தடுக்கும்.

ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் முனானா சோதனையைச் சரிபாருங்கள். ஃபெட்யூயின் தட்டு 37 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் இருப்பதால் ஆன்டிபாடி ஒட்ட நேரம் தாராளம். முனானாவுக்கு ஒரு மணி நேரம்தான். எனவே வைரஸையும் ஆன்டிபாடியையும் முதலில் 30 முதல் 60 நிமிடம் சேர்த்து வைத்துவிட்டு, பிறகே முனானாவை (இறுதியில் 100 மைக்ரோமோலார்) விடுங்கள். வைரஸ் அதிகமானால் முனானா தீர்ந்துபோய் தடுப்பே தெரியாது. நேரத்துக்கேற்ப ஒளிர்வு நேர்கோட்டில் ஏறும் அளவையே எடுங்கள். பஃபரில் கால்சியம் குளோரைடு 4 மில்லிமோலார், பி.எச். 6.5. ஈ.டி.டி.ஏ. கலந்த ஆன்டிபாடி கரைசல் கால்சியத்தைப் பிடுங்கி நொதியைக் கெடுக்கும், டயாலிசிஸ் செய்துவிடுங்கள். ஒப்பீட்டுக்கு ஓசெல்டாமிவிர் கார்பாக்சிலேட் (நியூராமினிடேஸைத் தடுக்கும் மருந்தின் செயல்படும் வடிவம்) வையுங்கள். மாத்திரையிலுள்ள பாஸ்பேட் வடிவம் உடலில் மாறிய பிறகே வேலை செய்யும். தட்டில் அதை நம்பக் கூடாது.

காரணத்தை உறுதிப்படுத்த, ஆன்டிபாடியைப் பப்பெய்ன் நொதியால் வெட்டி ஃபேப் துண்டு (ஒட்டும் கை ஒன்று மட்டும்) எடுங்கள். எடையை அல்ல, கைகளின் எண்ணிக்கையைச் சமமாக்குங்கள்: முழு ஆன்டிபாடி மில்லிலிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்றால் ஃபேப் 10 மைக்ரோகிராம். ஃபெட்யூயினில் ஃபேப் தடுக்காவிட்டால், உடம்பின் பருமனோ இரு கைப் பிடிப்போதான் காரணம் என்று பேசலாம், ஃபேப் நன்றாக ஒட்டுகிறது என்று எலைசாவில் (ஒட்டுவதை நிறத்தால் காட்டும் சோதனை) காட்டிய பிறகு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ஃபேபுக்கு எஃப்.சி. பகுதி (ஆன்டிபாடியின் வால்) கிடையாது, ஆகவே எஃப்.சி.யைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி போட்டால் ஒட்டியிருப்பதும் ஒட்டாததாகத் தெரியும். ஃபேபிலும் இருக்கும் கப்பா சங்கிலியைப் பிடிப்பதை வாங்குங்கள் (உங்கள் ஆன்டிபாடி கப்பா வகையானால்).

கேள்வி: தடுப்பூசி போட்ட எலிகளின் சீரத்தை அதே ஃபெட்யூயின் தட்டில் போடலாமா?

பதில்: போடலாம். ஹீமாக்ளூட்டினினுக்கு (வைரஸின் இன்னொரு மேற்பரப்புப் புரதம்) எதிரான ஆன்டிபாடியும் வைரஸின் மேல் அமர்ந்து ஃபெட்யூயினை மறிக்கும். அதனால் எலிகள் பார்த்திராத எச்6 அல்லது எச்7 வகை ஹீமாக்ளூட்டினின் கொண்ட, அதே நியூராமினிடேஸ் உள்ள கலப்பு வைரஸ் தேவை. சீரத்தை 56 டிகிரியில் சூடாக்குங்கள். ஆர்.டி.இ. கலந்த சீரம் வேண்டாம். அது காலரா பாக்டீரியாவின் நியூராமினிடேஸ், மிச்சமிருந்தால் ஃபெட்யூயினைத் தானே வெட்டும். சோடியம் அசைடும் கூடாது: வெட்டுப்பட்ட ஃபெட்யூயினில் ஒட்டும் நிலக்கடலை லெக்டினோடு இணைந்து நிறம் தரும் பெராக்சிடேஸை அது முடக்கினால் நிறம் குறையும், அது தடுப்பு போலவே தெரியும்.