பட்டர்வொர்த் கிணறு: ஒரே கோட்டை நம்பாதீங்க

தம்பி, உங்க கிணத்தோட 50 நாள் பாதுகாப்புக் கோட்டுக்கு (நிலத்தடித் தண்ணி 50 நாளுக்குள்ள கிணத்துக்கு வந்து சேர்ற பகுதியோட எல்லை) ரெண்டு மீட்டர் வெளியே பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் இருக்கு, விட்டுடலாமான்னு கேட்டிருந்தீங்க. விடாதீங்க. அந்தக் கோடு ஒரே ஒரு நீர்க்கடத்துதிறன் (மண் தண்ணியை எவ்வளவு சுலபமா ஓட விடுதுங்கிற அளவு) மதிப்பை வச்சுப் போட்டது. உங்க பக்கம் மணலும் களிமண்ணும் மாறி மாறிப் படிஞ்ச மண். கொஞ்சம் தள்ளித் துளைச்சாலே அந்த மதிப்பு பல மடங்கு மாறும்.

நிலத்தடி நீரோட்டக் கணினி மாதிரியை மான்டி கார்லோ முறையில, அதாவது மதிப்புகளைத் தற்செயலா மாத்தி மாத்திப் பல தடவை, ஓட்டுங்க. கடத்துதிறனை லாக்-நார்மல் பரவல்லேர்ந்து (லாக் எடுத்தா மணி வடிவத்துல பரவுற மதிப்புகள்) எடுத்து, துளைமையையும் (மண்ணுல இருக்கிற இடைவெளியோட பங்கு) மாத்தி, 1000 தடவை. ஒவ்வொரு தடவையும் மாதிரியில கிணத்துலேர்ந்து கற்பனைத் துகள்களைத் தண்ணி வந்த வழியிலேயே பின்னோக்கி 50 நாள் விடுங்க. பம்பிங் டெஸ்ட்ல (கிணத்துத் தண்ணியை இறைச்சு நீர்மட்டம் எப்படி இறங்குதுன்னு பார்க்கிற சோதனை) அளந்த நீர்மட்டத்தோட ஒட்டாத ஓட்டங்களைக் கழிச்சிடுங்க. மிச்சத்துல மாதிரியில டேங்க் இருக்கிற கட்டம் பத்துக்கு மூணு தடவை 50 நாள் எல்லைக்குள்ளே விழுந்தாலும் எனக்கு அது ஆபத்துதான், குடிக்கிற தண்ணி.

பத்துமலைப் பக்கச் சுண்ணாம்புப் பாறைக்கு மட்டும் இதை அப்படியே கொண்டு போகாதீங்க. அங்க தண்ணி பிளவு வழியா ஓடும், தண்ணியில சாயம் விட்டு அது எங்க போகுதுன்னுதான் பார்க்கணும்.