வாசகர் கேள்வி: கோடு போட்ட பிறகும் அபியேயில் சண்டை ஏன்?

கேள்வி: சூடானுக்கும் தெற்கு சூடானுக்கும் நடுவில் உள்ள அபியேய்க்கு ஹேக் நடுவர் மன்றம் எல்லை வகுத்துக் கொடுத்துவிட்டதே. பிறகும் ஏன் தீரவில்லை?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 2009 ஜூலைத் தீர்ப்பு அபியேய் எவ்வளவு இடம் என்று மட்டும்தான் சொன்னது: சுமார் 10,460 சதுர கிலோமீட்டர். அது எந்த நாட்டுக்கு என்பதை 2011 ஜனவரியில் அங்குள்ளவர்கள் வாக்களித்து முடிவு செய்வதாக ஏற்பாடு. யாருக்கு வாக்கு என்பதிலேயே தேர் நின்றுவிட்டது. ங்கோக் டின்கா மக்கள் அங்கேயே குடியிருப்பவர்கள். மிஸ்ஸெரியா அரபு மேய்ப்பர்கள், வடக்கே புல் காய்ந்ததும் நவம்பர் வாக்கில் மந்தைகளோடு இறங்கி, கீர் ஆற்றுப் பக்கம் தங்கி, மே மாதத்தில் மழை பிடிக்கும்போது திரும்புகிறவர்கள். ‘எங்களுக்கும் வாக்கு’ என்றார்கள். வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2013 அக்டோபரில் ங்கோக் மக்கள் தாங்களாகவே ஒன்றை நடத்தித் தெற்கு சூடான் என்றார்கள். இரண்டு அரசுகளுமே ஏற்கவில்லை. இன்னொன்று: புது எல்லையால் மேய்ச்சல் உரிமை போய்விடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சண்டை போடுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

கேள்வி: அப்படியிருக்க, ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசி என்ன ஆகிவிடும்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நாடு எது என்பது முடிவாகாது, மாடு எந்த வழியாகப் போகும் என்பது முடிவாகும். உயிர் போவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

மந்தை கிளம்புவதற்கு முன் ஒரு கூட்டம், திரும்பிய பின் ஒரு கூட்டம். முன்கூட்டத்தில் பேசவேண்டியவை: எந்தத் தடத்தில், எந்த மாதத்தில் வருவது, எந்த நீர்நிலையில் யார் மாடு முதலில் குடிப்பது, பயிர் அழிந்தால் ஈடு எவ்வளவு, உயிர்ப்பலி நேர்ந்தால் இறந்தவர் குடும்பத்துக்கு இரத்த ஈட்டை எத்தனை நாளில் கட்டுவது, மேய்ப்பர் துப்பாக்கி கொண்டுவரலாமா. கடைசியாகச் சொன்ன துப்பாக்கியில்தான் எப்போதும் சிக்கல். அபியேய் ஆயுதமற்ற பகுதி என்று ஐ.நா. சொல்கிறது, ஆனால் அங்கு அமையவேண்டிய காவல்துறை இன்னும் அமையவில்லை. காவலர் இல்லாத இடத்தில் துப்பாக்கியை முதலில் கீழே வைக்க யாருக்கு மனம் வரும்?

மாடு திருட்டுப் போனால் நேரம்தான் எல்லாம். குளம்புத் தடம் அழிவதற்குள் இரு தரப்புக் குழுவுக்கும் சேதி போய், தடம் முடியும் ஊர் பதில் சொல்லவேண்டும். தாமதமானால் இளைஞர்கள் தாங்களே கிளம்பிவிடுவார்கள்; மாட்டுக்கு மாடு என்பது ஆளுக்கு ஆள் ஆகிவிடும்.

2013 மே மாதம் ஐ.நா. வாகனத் தொடரிலேயே ங்கோக் தலைமைத் தலைவர் குவோல் டெங் குவோல் கொல்லப்பட்டபோது பேச்சு அறுந்தது. 2016இல் ங்கோக், மிஸ்ஸெரியா இரு தரப்பின் கூட்டு அமைதிக் குழு அமைந்து, அமியெத் சந்தை திறந்தது. வடக்கிலிருந்து சர்க்கரை, மாவு, எரிபொருள் அங்கே வந்தன. சந்தை மூடினால் இரு பக்கத்துக்கும் நட்டம் என்பதே பாதிக் காவல்.

ஆனால் குழு அந்த இரு தரப்புக்கு மட்டுமானது. 2022 பிப்ரவரியில் அனெத் சந்தையில் நில அளவை தொடங்கியதும் மோதல் தெற்கே, தெற்கு சூடானைச் சேர்ந்த டுவிக் டின்கா மக்களோடு வெடித்தது. அவர்கள் மேய்ச்சல் கூட்டங்களில் உட்கார்ந்தவர்கள் அல்லர். சண்டை அங்கே நிலத்துக்கு. மேய்ச்சல் வழியைப் பேசித் தீர்க்கும் குழுவால் அளவைக் கல்லைத் தீர்க்க முடியவில்லை.

கேள்வி: இந்தியப் பெண் வீரர்கள் அங்கே போனது உண்மையா?
– வாசகி, கோவை

பதில்: உண்மை. 2023 ஜனவரியில், ஐ.நா. அமைதிப்படையில் உள்ள இந்தியப் படையணியின் பகுதியாக ஒரு பெண்கள் பிளட்டூன் (சிறு படைப்பிரிவு) போனது.