நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் என் முழங்காலுக்கு ஆகுமா?

கேள்வி: எனக்கு 54 வயது. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். சில வருடங்களாகச் சீனி வருத்தம், கொஞ்சம் பிரஷரும் உண்டு. இரண்டுக்கும் குளிசை எடுக்கிறேன். படி இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கிறது. கிளினிக்கில் நடக்கச் சொல்கிறார்கள். ஆனால் விடியச் சமையல், பகலில் வெயில், பின்னேரம் தெருநாய். கனடாவில் இருக்கும் மகன் வீட்டுக்குள் மிதிக்கிற சைக்கிள் ஒன்றுக்குக் காசு அனுப்புகிறேன் என்கிறான். இவரோ, "நின்ற இடத்திலேயே நிற்கிற சைக்கிளுக்கு இவ்வளவு காசா? என் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போ" என்று சிரிக்கிறார். அதில் உண்மையாகவே பலன் உண்டா? உடம்பு குறையுமா? முழங்கால் இன்னும் பழுதாகிவிடாதா?
— உவர்மலை வாசகி

பதில்: வாங்கலாம் அக்கா. உங்கள் முழங்காலுக்கும் சீனிக்கும் அது நன்றாகவே பொருந்தும். உடம்பு குறைகிற விஷயத்தில் மட்டும் அவ்வளவு எதிர்பார்ப்பு வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் முழங்கால்.

சமதரையில் சும்மா நடக்கும்போதே முழங்கால் மூட்டில் இறங்கும் பாரம் உடம்பு எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது அது இன்னும் கூடும். அதனால்தான் உங்களுக்குப் படியில் வலி தெரிகிறது. சைக்கிளில் எடையின் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்ளும். அளவாக மிதித்தால் மூட்டுக்கு வரும் பாரம் கிட்டத்தட்ட உடம்பு எடை அளவோடு நின்றுவிடும். கால் தரையில் மோதும் அதிர்வும் கிடையாது. ஆனால் தொடையின் முன்பக்கத் தசை நன்றாக வேலை செய்யும். முழங்காற் சிரட்டையைப் பிடித்து வைத்திருப்பது அந்தத் தசைதான். அது பலமாக ஆக மூட்டுக்குச் சுமை குறையும். வலிக்கிறதே என்று காலை அசைக்காமல் வைத்திருந்தால் அந்தத் தசை மெலிந்து, வலி கூடத்தான் செய்யும்.

இதெல்லாம் சீட் சரியான உயரத்தில் இருந்தால்தான். வீட்டுக்குள் சைக்கிள் வாங்கி முழங்கால் வலி கூடியது என்று சொல்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சீட்டைக் கீழே பதித்து வைத்திருப்பார்கள். ஏறி இறங்கச் சுகம் என்று பதிப்பது. அப்படி மிதித்தால் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி, சிரட்டைக்குப் பின்னால் நெரிபடும். உயரம் பார்க்க எளிய வழி உண்டு. சீட்டில் இருந்து, ஒரு பெடலை ஆகக் கீழே கொண்டுவந்து, அதில் குதிக்காலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்து மிதித்தால், கீழே போகும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அதுதான் அளவு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் பதிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலோ சீட் உயரம்.

இறுக்கத்தையும் கவனியுங்கள். ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பத் திருப்பப் பெடல் கனக்கும். நிறையப் பேர் கனமாக வைத்து மெல்ல மெல்ல மிதித்தால்தான் பலன் என்று நினைக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு அது நேர்மாறு. இலேசாக வைத்து, நிமிடத்துக்கு 60, 70 சுற்று வருகிற மாதிரி ஓட விடுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு தடவைக்கு பத்து நிமிடம் போதும். அப்புறம் வாரத்துக்கு வாரம் சில நிமிடங்களாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.

இனிச் சீனி. தசை சுருங்கி விரியும்போது இரத்தத்தில் உள்ள குளுக்கோஸைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் இன்சுலினின் தயவு அதற்கு அவ்வளவாகத் தேவையில்லை. உடம்பில் ஆகப் பெரிய தசைகள் தொடையிலும் பின்பக்கத்திலும் இருப்பதால், மிதிப்பது இந்த வேலைக்கு நல்ல வழி. மிதித்து முடித்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை இன்சுலின் நன்றாக வேலை செய்யும். பிறகு பழையபடி ஆகிவிடும். ஆகவே ஞாயிறு மட்டும் ஒரு மணித்தியாலம் மிதித்துவிட்டு வாரம் முழுக்கச் சும்மா இருப்பதில் பிரயோசனம் குறைவு. இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். மத்தியானச் சோறு சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து கால் மணித்தியாலம் இலேசாக மிதித்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனியும் அவ்வளவு ஏறாது. வீட்டுக்குள் சைக்கிள் இருப்பதில் எனக்குப் பிடித்தது இதுதான். மத்தியானம் ஒன்றரை மணி வெயிலில் உங்களை யாரால் நடக்க வைக்க முடியும்?

ஆனால் என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லையே. மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் சீனி அளவுக்கு மீறி இறங்குவது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்றவையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் கவனம் வேண்டும். தொடங்க முன் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். மிதிக்கும்போது கை நடுங்கி, தலை சுற்றி, குளிர் வேர்வை வந்தால் உடனே இறங்கிவிடுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிலோ தேத்தண்ணியிலோ கரைத்துக் குடித்து, கால் மணித்தியாலம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு தடவை அதே அளவு. மிதிக்கிற எல்லாருக்கும் வேர்க்கும் என்பதால் இந்த வேர்வையைத் தவறாக எண்ணிவிடுவது சுலபம். வெறுங்காலோடு மிதிக்க வேண்டாம். சீனி வருத்தத்தில் பாதத்தின் உணர்வு குறைந்திருந்தால் பெடல் வெட்டியது கூடத் தெரியாது. கண்ணின் பின்புற நரம்புப் படலத்தைச் சோதித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், மூச்சைப் பிடித்து வேகமாக மிதிக்க முன் அதைச் செய்துகொள்ளுங்கள்.

பிரஷருக்கும் நல்லதுதான். ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு மேல் அளவு ஐந்து முதல் எட்டு வரை குறைவதுண்டு. குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான். அட்டெனலோல் மாதிரியான குளிசை என்றால் நாடித்துடிப்பு மெதுவாகவே இருக்கும். சைக்கிளில் உள்ள திரை காட்டும் இதயத் துடிப்புக் கணக்கை நம்ப வேண்டாம். மிதித்துக்கொண்டே பக்கத்து வீட்டு அக்காவோடு கதைக்க முடிகிறதா? ஆனால் தேவாரம் பாடினால் மூச்சு இளைக்கிறதா? அதுதான் சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இந்த அளவான வேகத்தில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேண்டும். ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் குற்றமில்லை. நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கும் தோளுக்கும் பரவுகிற வலியோ வந்தால் நிறுத்திவிட்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

உடம்பு குறையுமா என்று கேட்டீர்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணித்தியாலம் அளவான வேகத்தில் மிதித்தால் 200 முதல் 250 கலோரி வரை செலவாகும். ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது ஏறக்குறைய 7,700 கலோரி. வாரத்துக்கு ஐந்து நாள் மிதித்தாலும், சாப்பாட்டை மாற்றாவிட்டால் ஒரு கிலோ குறைய ஏழு வாரம் ஆகும். அதுவும் மிதித்த களைப்புக்கு இரண்டு பருப்பு வடை சேராமல் இருந்தால். சைக்கிளின் திரை இதைவிடக் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆனாலும் இந்த ஒரு கிலோவைச் சின்னதாக நினைக்க வேண்டாம். ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறைகிறது. எடைத் தராசை விட இடுப்பளவையும், சீனியின் சராசரியைக் காட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்பிஏ1சி இரத்தச் சோதனையையும் பாருங்கள்.

இது செய்யாத வேலை ஒன்றும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு தேய்வது கூடும். எலும்பு பலமாக, உடம்பின் பாரம் காலில் இறங்க வேண்டும். சைக்கிளில் இருக்கும்போது அது நடப்பதில்லை. ஆகவே நடையை முழுதாக விட்டுவிடாதீர்கள். பின்னேரம் வெயில் தாழ்ந்ததும், டச்பே கடற்கரையில் சமமான பக்கமாகப் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் போதும். மான்கள் குறுக்கே நின்றால் கொஞ்சம் நின்று பார்க்கலாம், அதுவும் இளைப்பாறல்தான். வீட்டில் கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி எழும்பி இருங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது.

நம்முடைய ஊரின் சூட்டை மறக்க வேண்டாம். கடற்கரை வீதியில் சைக்கிள் ஓடினால் காற்று முகத்தில் அடித்து வேர்வையைக் காயவைக்கும். நின்ற சைக்கிளில் அந்தக் காற்று இல்லை. வேர்வை வழியும், ஆனால் காயாது, உடம்புச் சூடு இறங்காது. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று அனலாக வீசும்போது உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு மிதிப்பது நல்லதல்ல. விறாந்தையில், ஃபேனுக்கு முன்னால் வையுங்கள். பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல். கரண்ட் இல்லாத நேரம் என்றால் வேகத்தைக் குறையுங்கள். மார்கழி மழையில் நடக்கவே முடியாத நாட்களில்தான் இந்தச் சைக்கிள் தன் விலையைச் சம்பாதிக்கும்.

மகன் அநேகமாக வீடியோவும் அனுப்புவான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பாட்டு அதிர, எழும்பி நின்று மிதிப்பார்கள். அமெரிக்காவில் 1980களின் கடைசியில் ஜானி கோல்ட்பர்க் என்ற சைக்கிள் ஓட்டக்காரர் தொடங்கிவைத்த ஸ்பின் பயிற்சி அது. பழகியவர்களுக்கு நல்ல பயிற்சி, இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே அப்படி மிதித்து, தொடைத் தசை உடைந்து, சலம் கோலா நிறத்தில் போய், சிறுநீரகம் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்தவர்கள் எல்லாம் சைக்கிளுக்குத் திரும்பினார்களே, அப்போது எத்தனை பேருக்கு அது உடம்புக்கும் சேர்த்து உதவியது. அவர் கடற்கரைக்கு ஓடட்டும். உங்களுக்கு வலிக்கிற முழங்காலோடு, நடுத்தண்டு வைத்த பழைய சைக்கிளில் ஏறி இறங்குவது விழுவதற்கான வழி. நிற்கிற சைக்கிளில் நாய் துரத்தாது, விழவும் மாட்டீர்கள்.

வாங்க முன் ஒரு தடவை மிதித்துப் பாருங்கள். கிளினிக் டொக்டரிடம் துண்டு வாங்கிப் பிசியோதெரபி பிரிவுக்குப் போனால் சீட் உயரத்தையும் அவர்களே காட்டித் தருவார்கள். கடையில் இரண்டு வகை இருக்கும். கனமான சில்லு சுற்றுகிற ஸ்பின் சைக்கிளில் கால் நின்றாலும் பெடல் நிற்காது. திருகை அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். உங்களுக்கு வேண்டியது முதுகை நிமிர்த்தி இருக்கிற, காந்தத்தால் இறுகும் சாதாரண வகை. சத்தமும் இருக்காது. முதுகுவலியும் உண்டு என்றால் சாய்மானம் வைத்தது. உப்புக்காற்றில் இரும்பு கெதியாகத் துருப்பிடிக்கும், அதோடு வேர்வையும் சொட்டும். மிதித்து முடித்ததும் துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை திருகாணிகளுக்கு எண்ணெய் விடுங்கள். பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும் நாட்களில் சில்லு மூடாத சைக்கிளைப் பூட்டி வையுங்கள். சின்ன விரல் உள்ளே போய்விடும். நீங்களும் சேலைத் தலைப்பையோ துப்பட்டாவையோ தொங்கவிட்டு மிதிக்க வேண்டாம்.

மகனிடம் சொல்வதற்கு இரண்டு கணக்கு தேவை. ஒன்று உங்கள் எடை, ஒவ்வொரு சைக்கிளுக்கும் தாங்கும் எடை குறித்திருக்கும். மற்றது கால் நீளம். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடித்த கொப்பியைக் கால்களுக்கு நடுவே மேலே வரை ஏற்றிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். அந்த வேலையை உங்கள் கணவரிடமே கொடுக்கலாம்.