விலைபோகாத சரக்கா ரோட்ஸ்டர்?

கேள்வி: டெஸ்லாவின் முதல் காரான ரோட்ஸ்டர், மொத்தமே ஏறக்குறைய 2,450 வண்டிகளோடு நின்றுபோனது. கடைசிக் கட்டத்தில் சொந்த நாட்டிலேயே விற்க முடியாமல் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் தள்ளிவிட்டார்கள் என்று படித்தேன். விலைபோகாத சரக்கைத்தான் இன்று சிலர் அரும்பொருள் என்று கொண்டாடுகிறார்களா? அந்தக் கடைசி வண்டிகளில் ஒன்று விலைக்கு வந்தால் வாங்கலாமா?

பதில்: ‘தள்ளிவிட்டார்கள்’ என்ற சொல்லை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். எத்தனை ரோட்ஸ்டர்கள் செய்யப்படும் என்பது ஓர் ஒப்பந்தத்தால் வரையறுக்கப்பட்டிருந்தது. அப்போது டெஸ்லாவிடம் முழுக் காரையும் செய்யக்கூடிய ஆலை இல்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஹெத்தல் என்னும் ஊரில் இருக்கும் லோட்டஸ் நிறுவனம், தனது எலீஸ் காரின் அடித்தளத்தை அடியொற்றி, மோட்டாரும் பேட்டரியும் இல்லாத வண்டிகளைச் செய்து கொடுத்தது. முதலில் 1,700 என்றிருந்த அந்த எண்ணிக்கையை இடையில் உயர்த்தி 2,500 வரை கொண்டுவந்தார்கள். வழங்குநரின் ஆலையில் உற்பத்திக் கருவிகள் மாறவிருந்ததால் அதற்கு மேல் நீட்டிக்க வழியில்லாமல் போனது. ஆகவே 2,450 என்பது, கிடைத்த வண்டிக்கூடுகளில் ஏறக்குறைய அனைத்துமே விற்றுத் தீர்ந்ததைக் காட்டும் எண். அடிப்படை விலையே 1,09,000 டாலர், இருவர் மட்டுமே அமரலாம், செய்ததோ அதுவரை ஒரு காரைக்கூட விற்றிராத நிறுவனம். அப்படிப்பட்ட வண்டி முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வாங்குவோரைக் கண்டதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொந்த நாட்டில் விற்பனை நின்றதற்கும் காரணம் வேறு. முன் இருக்கையில் இருப்பவர் குழந்தையா பெரியவரா என்பதை உணர்ந்து அதற்கேற்ப இயங்கும் மேம்பட்ட காற்றுப்பையை அமெரிக்கச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது. சிறு உற்பத்தியாளர் என்ற முறையில் டெஸ்லாவுக்கு அந்த விதியிலிருந்து தற்காலிக விலக்கு இருந்தது. விலக்கு முடிவுக்கு வரவிருந்த நிலையில், 2011 ஆகஸ்டில் அமெரிக்காவில் முன்பதிவை நிறுத்திக்கொண்டார்கள். மிஞ்சிய வண்டிகள் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனதன் பின்னணி இதுதான்.

குறையே இல்லாத வண்டி என்று நான் வாதாட வரவில்லை. இரண்டு வேகப் பற்சக்கரப் பெட்டி ஒன்றைப் பொருத்தத் திட்டமிட்டு, மோட்டாரின் முறுக்குவிசையை அது தாங்காததால், 2008-இல் முதல் சில வண்டிகளை இரண்டாம் கியரிலேயே பூட்டி வைத்து ஒப்படைத்தார்கள். ஒற்றை வேகப் பெட்டி தயாரான பிறகுதான் சொன்ன வேகம் கைகூடியது. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு அது சிறிய ஏமாற்றமாக இருந்திருக்காது.

இனி, வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ‘கடைசி வண்டி, குறைவாக ஓடியது’ என்ற விளம்பரத்தைப் பார்த்தவுடன் மனம் இளகிவிடக்கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெட்ரோல் கார் வாங்கிப் பழகிய நாம், ஓடிய தூரம் குறைவாக இருந்தால் வண்டி புதிதாக இருக்கும் என்று கணக்குப் போடுகிறோம். ரோட்ஸ்டரில் அந்தக் கணக்கு தப்பிவிடும். லித்தியம் அயனி செல் ஓடினாலும் தேயும், சும்மா நின்றாலும் தேயும். முழு மின்னேற்றத்தோடு வெப்பமான இடத்தில் நிறுத்தி வைத்த வண்டியில் தேய்மானம் இன்னும் விரைவாக நடக்கும்.

இருக்கைகளுக்குப் பின்னால் ஏறக்குறைய 450 கிலோ எடையுடன் இருக்கும் அந்தப் பேட்டரிப் பெட்டியைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது தெளிவாகும். மடிக்கணினிகளில் இருந்ததைப் போன்ற, விரல் நீளமே உள்ள உருளைச் செல்கள் 6,831 அதற்குள் இருக்கின்றன. 69 செல்களை இணையாகச் சேர்த்தது ஒரு ‘பிரிக்’, ஒன்பது பிரிக்குகளைத் தொடராக இணைத்தது ஒரு ‘ஷீட்’, பதினோரு ஷீட்டுகள் சேர்ந்தது ஒரு பேட்டரி. தொடராக இணைத்த 99 பிரிக்குகளில் ஒன்று சோர்ந்துபோனாலும், மற்ற 98-இல் எவ்வளவு மின்சாரம் மீதமிருந்தாலும் வண்டி அந்தச் சோர்ந்த ஒன்றின் அளவுக்குத்தான் ஓடும். புதிய வண்டிக்கு அமெரிக்கச் சோதனை முறைப்படி சொல்லப்பட்ட 393 கிலோமீட்டர் தூரத்தை, நாள்பட்ட வண்டியிடம் எதிர்பார்ப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நிறுத்தி வைத்திருக்கும்போதும் இந்த வண்டி தன் மின்னணுப் பாகங்களுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். மின்னிணைப்புக் கொடுக்காமல் மாதக்கணக்கில் விட்டுவிட்டால், பேட்டரி அடியோடு வற்றி, மீண்டும் மின்னேற்றவே முடியாத நிலைக்குப் போய்விடும். 2012-இல் இது பெரிய சர்ச்சையானது. மாற்றுப் பேட்டரிக்கு ஏறக்குறைய 40,000 டாலர் ஆகும் என்ற செய்தி அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது.

உற்பத்தியை நிறுத்திய பிறகும் டெஸ்லா இந்த வண்டிகளை அடியோடு கைகழுவிவிடவில்லை என்பதை நியாயத்தோடு சொல்ல வேண்டும். 2014 டிசம்பரில், அதே அளவுப் பெட்டிக்குள் ஏறக்குறைய 70 கிலோவாட் மணி கொள்ளளவு தரும் புதிய பேட்டரியை அறிவித்தார்கள். பழையது 53 கிலோவாட் மணிதான். 2015-இல் அதற்குச் சொன்ன விலை 29,000 டாலர். 2,450 வண்டிகளுக்காக மட்டும் ஒரு நிறுவனம் அந்த உழைப்பை எடுத்துக்கொண்டதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். என்னைக் கேட்டால், கடைசி வண்டி விற்கப்பட்ட நாளிலிருந்துதான் உற்பத்தியாளரின் கடமையே கனமாகிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகு கதவுக்கும் கண்ணாடிக்கும் உரிமையாளர்கள் எங்கே போவார்கள்?

ஆகவே, வரிசை எண்ணைக் காட்டி விலையை ஏற்றுபவரிடம் நீங்கள் சி.ஏ.சி. அளவைக் கேளுங்கள். பேட்டரியில் எஞ்சியிருக்கும் கொள்ளளவை ஆம்பியர் மணியில் சொல்லும் எண் அது. ரோட்ஸ்டர் வைத்திருப்பவர்கள் பேசத் தொடங்கினால் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். புதிய வண்டியில் அது ஏறக்குறைய 160 இருக்கும். உங்களுக்குக் காட்டப்படும் வண்டியில் எவ்வளவு இருக்கிறது, பேட்டரி பழையதா மாற்றப்பட்டதா, நின்றிருந்த ஆண்டுகளில் மின்னிணைப்பிலேயே இருந்ததா என்பதற்கெல்லாம் விற்பவர் எழுத்து மூலம் பதில் தந்தால் மேற்கொண்டு பேசலாம். தயங்கினால், வண்டியின் விலையோடு புதிய பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தொகை உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று முடிவு செய்யுங்கள்.